யேல் என்னும் குடிப்பெயர்

கல்லூரியிற் சேரும்போது நிரப்பவேண்டிய தாளில் ‘குடிப்பெயர்’ என்றொரு கட்டம் இருந்தது. திருவள்ளூரை அடுத்த காக்களூரிற் பிறந்த எமக்கு ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் தந்தையார் பெயரின் முதலெழுத்தும் உண்டு, குடிப்பெயர் இல்லை. கட்டத்தை வெறிதே விட்டோம். ஆங்கிலேயர்க்கு அத்தகைய பெயர் எவ்வாறு வந்தது என ஆராயப் புகுந்தபோது, சென்னையோடு தொடர்புடைய அருகிய பெயரொன்று எம் கருத்தைக் கவர்ந்தது. அதுவே யேல் என்பது.

இஃது ஆங்கிலேயரிடை வழங்கினும் ஆங்கிலச் சொல்லன்று. வேல்சு நாட்டின் வடகிழக்கில் இயால் என்றொரு நிலப்பகுதி உண்டு; வளமிக்க மேட்டுநிலம் என்பது அச்சொல்லின் பொருள். அந்நாட்டார் பண்டு நம்மவரைப் போலவே இன்னார் மகன் இன்னார் என்று வழங்கினர். மகன் எனப் பொருள்படும் ‘அப்’ என்னுஞ் சொல் இருபெயர்க்கும் இடையில் நிற்கும். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கில வழக்குப் பரவவே, நிலக்கிழமையுடைய குடிகள் நிலையான பெயர்களை மேற்கொண்டன. இயாலில் வாழ்ந்த குடியொன்று தன் நிலத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்னும் சங்கப் புலவர் பெயர்களை அறிந்தார்க்கு இது புதுமையன்று. ஆயின் அவர்தம் வழித்தோன்றல்கள் அப்பெயரைத் தலைமுறைதோறும் சுமந்ததாக யாம் கேட்டிலம். இயாலோ யேலாகிக் கடல் கடந்தது.

எலிகூ யேல் 1649ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிற் பிறந்தவர்; கும்பினியின் எழுத்தராய்ச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராய் இருந்தவர். எலிகூ என்பது யோபின் சரித்திரத்தில் வரும் பெயர். அவர் 1680இல் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தில் மணம் புரிந்தார். அம்மணத்திற் பிறந்த ஒரே மகனுக்குத் தம் தந்தையின் பெயராகிய தாவீது என்பதையே இட்டார். பாட்டன் பெயரைத் தாங்குவோன் ‘பெயரன்’. அச்சொல்லே பேரன் என மருவிற்று. நம் வழக்கு வேல்சுக்குடியிலும் இருந்தது வியப்பே. அச்சிறுவன் நான்கு வயதளவில், 1688இல், சென்னையிலேயே இறந்தான். பின்னர் எஞ்சியோர் பெண்மக்கள். அவர்களுள் மணமானோர் கணவர் பெயரை ஏற்றனர்.

இந்நிலையில் 1718இல் பாஸ்டனிலிருந்து காட்டன் மாதர் என்னும் குருவானவர் யேலுக்கு ஒரு மடல் விடுத்தார். கனெக்டிகட்டில் 1701இல் தோன்றிய சிறு கல்லூரிக்குப் பொருளுதவினால் அஃது அவர் பெயரைத் தாங்கும். அப்பெயர் புதல்வர் புதல்வியரால் நிலைக்கும் பெயரினும் மேலானது என்பது அம்மடலின் கருத்து. மகனை இழந்த தந்தையின் நெஞ்சில் அச்சொல் எவ்வாறு பட்டிருக்கும்! யேல் ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். பொதிகளிற் காலிக்கோவும் மஸ்லினும் இருந்தன. அவற்றை விற்ற பணத்தாற் கட்டடம் எழுந்தது. கல்லூரி யேல் ஆயிற்று. ஒரு மேட்டுநிலத்தின் பெயர் ஒரு குடிக்காகி, குடியிலிருந்து மீண்டும் ஓரிடத்துக்கே சென்று சேர்ந்தது.

யேல் சென்னையில் அலுவல் பார்த்த காலத்தில், இக்கரை மக்கள் பலர் பஞ்சத்தால் விலைப்பட்டு, அடிமைகளாய்க் கோட்டைத் துறையிற் கப்பலேற்றப்பட்டனர். அவ்வாணிகத்துக்கு இசைவு தந்த அவையில் யேலும் ஒருவர். அடிமை முறையோடு தனக்கிருந்த பழந்தொடர்புக்காக அப்பல்கலைக்கழகம் 2024இல் மன்னிப்பு வேண்டிற்று. கப்பலேறிய அம்மக்களுக்கும் எம்மைப்போல் ஓர் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் இருந்திருக்கும்.