பெரியோர்க்கு ஓர் உருவப்படம்: ஸ்டுடியோவுக்குச் செல்லுமுன்

என் தந்தையார் மறைந்த அன்று கூடத்தில் வைப்பதற்கு ஒரு படம் தேவைப்பட்டது. ஓய்வூதியப் படிவத்தில் ஒட்டியது போக, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் உறைக்குள் எஞ்சியிருந்த பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றே கிடைத்தது. அதனைப் பெரிதாக்கிச் சட்டமிட்டோம். வாழ்நாள் முழுவதும் சிரித்துப் பேசியே பழகிய மனிதர், அப்படத்தில் ஏதோ விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர் போல் மங்கலாகத் தோன்றுகிறார். பல இல்லங்களில் நிலைமை இதுவே என்பதைப் பின்னர் அறிந்தேன்.

மங்கலுக்குக் காரணம் எளிய கணக்கு. பாஸ்போர்ட் அளவு என்பது 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற வழக்கமான அச்சுத் தரத்தில் அதில் 413க்கு 531 புள்ளிகளே அடங்கும். அதனை 12 அங்குல அகலத்திற்கு விரித்தால் அங்குலத்திற்கு ஏறத்தாழ 34 புள்ளிகள் மிஞ்சும். அதே தரத்தில் 12க்கு 18 அங்குலப் படம் அச்சிட 3,600க்கு 5,400 புள்ளிகள், அதாவது சுமார் 1 கோடியே 94 லட்சம் புள்ளிகள் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா இதனை எளிதில் தரும். ஆகவே நல்ல உருவப்படம் வேண்டுமெனில், அதற்கென்றே ஒரு நாள் அமர்ந்து எடுத்துக்கொள்வது ஒன்றே வழி.

கைப்பேசி போதாதா எனலாம். கையெட்டும் தொலைவிலிருந்து எடுக்கும்போது, கேமராவுக்கு அருகிலுள்ள மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தோன்றும். தொழில்முறைக் கலைஞர் ஆறேழு அடி தள்ளி நின்று, 85 மில்லிமீட்டர் போன்ற நீண்ட குவியத்தூர லென்சால் எடுப்பதனால்தான் முகம் நாம் அறிந்த முகமாகவே அமைகிறது.

முதல் தடை பெரியவரின் தயக்கம். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பழைய அச்சம் சிலரிடம் இன்னும் உண்டு. ‘பின்னால் உதவும்’ என்று சொல்லி அழைப்பதைப் போன்ற பிழை வேறில்லை. பேரன் பேத்தியர் கேட்கிறார்கள், எண்பதாம் ஆண்டு நிறைவுக்கு வேண்டும் என்பன போன்ற மெய்யான காரணங்களே போதும். உடல்நலம் தளர்ந்த பின் எடுப்போம் என்று காத்திருக்கலாகாது. அறுபத்தைந்திலேயே எடுத்துவிடலாம், பின்னர் வேண்டுமானால் மீண்டும் எடுக்கலாம்.

நேரத்தைப் பெரியவரின் நாளுக்கேற்பக் குறிக்க வேண்டும். காலை உணவும் மருந்தும் முடிந்து ஒரு மணி நேரம் கழிந்த பொழுது பெரும்பாலோர்க்கு உகந்தது. நீரிழிவு உள்ளவரைப் பசியோடு உட்கார வைத்தால் அச்சோர்வு கண்களில் தெரியும். ஸ்டுடியோ மாடியிலா, படிகள் எத்தனை, கழிப்பறை உண்டா என்பவற்றை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டறிய வேண்டும். இவை அற்பமானவை அல்ல. மூச்சு வாங்க மாடியேறியவரின் முகம் கால் மணி நேரத்திற்கு இயல்புக்குத் திரும்பாது.

முடி திருத்தமும் சாயமும் நான்கைந்து நாள் முன்பே முடிந்திருப்பது நன்று. புதிதாக வெட்டிய முடி முகத்தை அந்நியமாக்கும். முகச்சவரம் அன்று காலையில் போதும். புதிய முகப்பூச்சு எதையும் அன்று முதன்முறையாகச் சோதிக்க வேண்டாம். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்ப் பளபளப்பு இருப்பின் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாலே போதுமானது.

உடையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெட்டியிலுள்ள சிறந்த சட்டை பத்தாண்டுகளுக்கு முன் தைத்ததாக இருக்கும். இடையில் உடல் இளைத்திருப்பதால் கழுத்துப்பட்டி தளர்ந்து நிற்கும். படத்தில் அது முதுமையை இருமடங்காக்கிக் காட்டும். இரவிக்கைக்கும் இது பொருந்தும். ஒரு வாரம் முன்பே அணிந்து பார்த்துத் தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். மிக நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் கேமராவில் அலையலையான பொய்வடிவங்களைத் தோற்றுவிக்கக்கூடும். ஒரே நிறத்தில், அதிக வெளிர்வோ கருமையோ இன்றி உள்ள துணி முகத்தை முன்னிறுத்தும். வெண்சட்டையே வழக்கமெனில் அதனை மாற்ற வேண்டாம். பின்திரையைச் சற்று அடர்ந்த நிறத்தில் கேட்டுக்கொள்க.

மூக்குக்கண்ணாடி அணிந்தே பழகியவர் அதனைக் கழற்றலாகாது. அதுவும் அம்முகத்தின் பகுதியே. கண்ணாடியில் விளக்கொளி பளிச்சிடுமானால், காதுக்குப் பின்னுள்ள தண்டினைச் சிறிது உயர்த்தினால் கண்ணாடி சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து பளிச்சொளி விலகும். வெயிலில் கறுக்கும் கண்ணாடியாயின், உள்ளே வந்து சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். செயற்கைப் பற்களை மறவாது அணியச் செய்க. இல்லையேல் உதடுகள் உட்புதைந்து வேறொருவராகத் தோன்றுவர்.

அமர்வதற்குக் கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி சிறந்தது. அதன் முன்பாதியில் அமர்ந்து, பாதங்கள் இரண்டும் தரையில் பதிய, உடலைச் சிறிது பக்கவாட்டில் திருப்பி முகத்தை மட்டும் கேமராவை நோக்கச் செய்தால் தோள்கள் தாமே தளரும். ‘சிரியுங்கள்’ என்று ஆணையிட்டால் எவர் முகமும் இறுகும். காது மந்தமானவருக்கு அந்த ஆணையே எட்டாது. குடும்பத்தாருள் ஒருவர் கேமராவுக்கு அருகில் நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும்: அவர் பணியாற்றிய முதல் ஊர், அக்காலத்துச் சம்பளம், உடன் படித்த நண்பர் என எதுவாயினும் சரி. கண்சிமிட்டும் பழக்கமுள்ளோர் சற்றே மூடியிருந்து, ‘மூன்று’ என்றதும் திறக்கலாம்.

பழகிய சூழல் வேண்டும் என்பதைப் பழைய கலைஞர்களே உணர்ந்திருந்தனர். நிஜாமின் ஆதரவு பெற்ற புகைப்படக் கலைஞர் ராஜா தீன் தயாள் 1892இல் ஹைதராபாதில் பெண்களுக்கென்றே தனி ஸ்டுடியோ ஒன்றை நிறுவினார். திரைக்குள் வாழ்ந்த பெண்டிரைப் படமெடுக்க ஒரு பெண்மணியே அங்கே பொறுப்பேற்றிருந்தார். இன்றும் கூச்சமுள்ள தாய்மாருக்கு, புடவை மடிப்பைச் சரிசெய்ய ஒரு மகளோ மருமகளோ உடனிருப்பது பேருதவி.

பணம் செலுத்துமுன் பேசித் தெளியவேண்டியவை சில உண்டு. முதலாவது, திருத்தம். கேட்காமலேயே நிறத்தை வெளுப்பாக்கி, சுருக்கங்களைத் துடைத்து, மச்சத்தை மறைத்துத் தரும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தூசியும் அன்றைய சிறு பருவும் நீங்கினால் போதும், மற்றவை இருக்கட்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, உரிமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிடில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அப்படத்தின் முதல் பதிப்புரிமையாளர். ஆனால் மூலக் கோப்பு தானாகக் கைக்கு வந்துவிடாது. முழுத் தரக் கோப்பினையும் தரவேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது நலம். அதனை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவ் கொண்டு செல்லுங்கள்.

அதே அமர்வில் வெண்பின்னணியில் பாஸ்போர்ட் அளவுப் படமும் எடுத்துக்கொண்டால் வங்கிப் படிவங்களுக்கு உதவும். அன்று கற்ற ஒளிப்பாடம் ஓய்வூதியர்க்கு இன்னொரு வகையிலும் பயன்படும். நவம்பரில் கைப்பேசி வழியே முகத்தைக் காட்டி வாழ்நாள் சான்று அளிப்போர், சன்னலுக்கு முதுகு காட்டாமல் அதனை எதிர்நோக்கி அமர்ந்தால் முகம் தெளிவாகப் பதியும்.

எடுத்த படங்களுள் எது சிறந்ததென அப்பெரியவரையே தேர்வு செய்யச் சொன்னால் எல்லாவற்றையும் மறுப்பார். நாம் நம்மைக் கண்ணாடியில் இடவலம் மாறியே பார்த்துப் பழகியிருக்கிறோம். படம் காட்டும் முகம் நமக்குப் புதிது. குடும்பத்தார் இரண்டு மூன்றைத் தெரிந்தெடுத்து, முடிவை அவரிடம் விடுவது உகந்தது. அச்சிட்ட படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டாதிருக்க நடுவே தடித்த அட்டை விளிம்பு வைக்கவும், நேர்வெயில் படாத சுவரில் மாட்டவும் சொல்ல வேண்டும்.

தந்தையார் விஷயத்தில் தவறியதை அன்னையார்க்குச் செய்தோம். அப்படம் இப்போது உணவறையில் இருக்கிறது. அதன் கீழேயே அமர்ந்து உணவருந்தும் அவர், இடது தோட்டினைத் திருகாணி சரியாக முடுக்காமல் எடுத்துவிட்டார்கள் என்று வருவோரிடமெல்லாம் குறைகூறி வருகிறார்.