மழைக்கணக்கும் நேரந்தவறா ஏவலாளும்

கல்வராயன் மலையிற் பெய்யும் மழை கோமுகி அணைக்கு இறங்குதல் நம் மாவட்டத்தார் அறிந்ததே. அவ்வணையின் முழு நீர்மட்டம் 46 அடி. மலைமேற் பெய்த அளவைக் காலையிலேயே அறிதல் கீழுள்ள ஊர்களுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை யாம் விரிக்க வேண்டுவதின்று. அத்தகைய கணக்கைத் தரவுத்தளத்திலிருந்து நாள்தோறும் ஒருவரும் ஏவாமலே எடுக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

யுனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளிற் கிரான் என்றோர் ஏவலாள் உண்டு. காலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது என்பர். 45 8 * * * என்றெழுதி, அதன்பின் ஷெல் ஏட்டின் பெயரையும் எழுதின், காலை 8.45 மணிக்கு அவ்வேடு இயங்கும். நிமிடம் முன்னும் மணி பின்னும் நிற்றலை மறவற்க. நம் நாட்டில் மழையளவு காலை 8.30 மணிக்கே குறிக்கப்படுவதால் இந்நேரத்தைக் கொண்டோம். வினாவும் நள்ளிரவை எல்லையாகக் கொள்ளாது, முன்னாள் 8.30 முதல் இந்நாள் 8.30 வரை கேட்டல் வேண்டும். பொறி கிரீன்விச் நேரத்தில் ஓடுமாயின் 15 3 என எழுதுக.

யாம் பயிற்சிக்கென அமைத்த ஏடு, கையால் ஏவியபோது செவ்வனே ஓடிற்று. கிரான் ஏவியபோது வெற்றுத்தாளையே தந்தது. மழையில்லை போலும் என்று இரண்டு நாள் வாளா இருந்தோம்! உண்மை யாதெனின், நம் ஷெல் அறிந்த வழிகள் பலவற்றைக் கிரான் அறியாது, ஆகவே பி.எஸ்.க்யூ.எல். என்னும் நிரல் இருக்குமிடம் அதற்குப் புலப்படவில்லை. ஷெல்லோ, நிரலைத் தேடுமுன்பே விடைத்தாளைத் திறந்து வைத்துவிட்டது. நிரலின் முழுமுகவரியை எழுதவே இக்குறை நீங்கிற்று.

பின்னும் ஒன்று. வினாக்களை ஏட்டிலிருந்து படிக்கும் அந்நிரல், ஒரு வினா பிழைத்தாலும் அடுத்ததற்குச் சென்று, நலமே முடிந்ததெனச் சொல்லும். ஆன்_எர்ரர்_ஸ்டாப் என்னும் அமைப்பை இட்டாலன்றி நில்லாது. ஆதலின் விடையை முதலில் வேறொரு தாளில் எழுதி, பிழையின்றி முடிந்தபின்னரே உரிய பெயரை அதற்கு இடுகின்றோம். பிழைச்செய்திகளுக்குத் தனி ஏடு வைத்துள்ளோம். கடவுச்சொல்லை ஷெல் ஏட்டில் எழுதாது .பிஜிபாஸ் கோப்பில் வைத்து, உரிமை 600 என அடைத்தல் நன்று. பிறரும் படிக்கும்படி விட்டால் அந்நிரல் அக்கோப்பை ஏற்காது.

இனி, குறிப்பே வாராத இடத்தை 0 என நிரப்பும் வழக்கம் சிலரிடம் உண்டு. அஃது ஈண்டுப் பெருந்தீங்கு. பெருமழையிற் கம்பி அறுந்து வெள்ளிமலையிலிருந்து செய்தி வாராதாயின், அவ்வூருக்கு நேரே “வரவில்லை” என்றே தாளில் நிற்றல் வேண்டும். அதனைக் கண்டவர் உடனே தொலைபேசியை எடுப்பர்.