ஒளியை அளந்து படமெடுப்போம்

நிழற்படம் ஒளியால் எழுதப்படும் ஓவியமாகும். வில்லையின் துளை, ஒளி புகும் நேரம், ஒளியுணர்திறன் ஆகிய மூன்றும் அதனை ஆளுகின்றன.

துளையைக் குறிக்கும் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எண் 8 என்பதை 5.6 ஆக்கினால் ஒளி இருமடங்காகும். 1/125 விநாடியை 1/60 ஆக்கினாலும் அவ்வாறே.

ஒளியுணர்திறன் 100 எனில், நல்ல வெயிலில் துளை எண் 16, நேரம் 1/125 விநாடி போதுமானவை. பால்மர நிழலிலோ அவ்வளவில் முகம் இருண்டுவிடும். ஆங்கே எண்ணை 4 ஆக்குவோம். ஒளி பதினாறு மடங்காகும். நேரத்தை மிக நீட்டினால் கையசைவால் படம் கலங்கும். இன்னும் இருளெனில் ஒளியுணர்திறனை 400 ஆக்குதல் நன்று.

மாணவர்களே! தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அங்குப் பால்வெட்டி நம்மை வளர்த்த முதியோரின் முகங்களேனும் இருளில் மறையாதவாறு, ஒளியை அளந்து படமெடுப்போம்.