புயலின் தடம் காணும் கம்ப்யூட்டர்

வங்கக் கடலில் புயல் உருவானால், அதன் மையம் இன்ன இடத்தில் உள்ளது, இன்ன திசையில் நகர்கிறது என்று வானொலியில் அறிவிக்கிறார்கள். செயற்கைக்கோள், ரேடார் படங்களைப் பார்த்து வானிலை வல்லுநர்கள் மையத்தைக் குறிக்கின்றனர். ஆனால் பல்லாண்டு வானிலை விவரங்களிலிருந்தும், ஒரே நாளில் வெளிவரும் பற்பல கணிப்புகளிலிருந்தும் புயல்களைத் தேடி எடுப்பது கண்ணால் ஆகக்கூடிய வேலையன்று. அதற்கென கம்ப்யூட்டர் நிரல்கள் உள்ளன.

வயலைப் பாத்தி கட்டுவதுபோல் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்றழுத்தம், வெப்பம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் குறித்து வைத்துள்ளனர். 'எரா-5' எனப்படும் ஐரோப்பியத் தொகுப்பில் கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். 1940 முதல் மணிக்கு மணி விவரம் உண்டு.

அமெரிக்காவில் பால் உல்ரிக், காலின் சார்சிக்கி ஆகியோர் 2017-இல் விவரித்து வெளியிட்ட 'டெம்பெஸ்ட் எக்ஸ்ட்ரீம்ஸ்' இத்தகைய நிரலாகும். இது முதலில் சுற்றுப்புறத்தைவிட அழுத்தம் குறைந்த புள்ளியைத் தேடும். அங்கிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்குள், எத்திசையில் சென்றாலும் அழுத்தம் 2 மில்லிபாராவது உயர வேண்டும் என்பது வழக்கமான விதி. இது மட்டும் போதாது. கோடையில் ராஜஸ்தான் பாலையிலும் தாழ்வழுத்தம் தோன்றும், அது புயலன்று. புயலின் மையத்தில் மேல்மட்டக் காற்றும் வெதுவெதுப்பாக இருக்கும். அதையும் சோதித்த பின்னரே நிரல் அப்புள்ளியை ஏற்கும்.

அடுத்தது இணைக்கும் வேலை. 6 மணி நேரம் கழித்து அருகில் தென்படும் புள்ளியை முந்தையதோடு சேர்த்தால் தடம் கிடைக்கும். இங்கேதான் சிக்கல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், நிலத்தில் வலுவிழந்து, கேரளம் வழியே அரபிக் கடலில் இறங்கியது. விதி கடுமையாக இருந்தால் நிரல் இதை இரண்டு புயல்களாக எண்ணிவிடும். தளர்த்தினாலோ சாதாரணத் தாழ்வுகளும் புயல் கணக்கில் ஏறும். எனவே, விதியைத் தீர்மானிக்கும் மனிதரின் அனுபவமே இதில் முக்கியம்.

மற்றொரு குறையும் உண்டு. புயலின் கடுங்காற்று வீசும் பகுதி குறுகியது. 31 கிலோமீட்டர் கட்டத்தில் அது சராசரியாகிக் கரைந்துவிடுவதால், காற்றின் வேகம் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டப்படும். கஜாவில் லட்சக்கணக்கான தென்னைகளைப் பறிகொடுத்த மாவட்டத்தார்க்கு இது சிறு விஷயமன்று. தடத்தை நம்பலாம், காற்றின் வேகத்துக்கு வானிலைத் துறையின் அறிவிப்பையே கொள்ள வேண்டும்.

தடத்திலிருந்து விவசாயி படித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சம கால இடைவெளியில் வைத்த புள்ளிகள் தள்ளித் தள்ளி இருந்தால் புயல் விரைந்து போகிறது. நெருங்கி இருந்தால் மெதுவாகப் போகிறது, ஓரிடத்திலேயே மழை கொட்டும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் பல மணி நேரம் நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. காற்றைவிட வெள்ளமே அங்கு பயிரை அழித்தது.

எனவே, விரைந்து வரும் புயலானால் தென்னையில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிப் பாரத்தைக் குறைப்பதும், வாழைக்கு முட்டுக் கொடுப்பதும் முதல் வேலை. மெதுவாக வருவதானால் சம்பா, தாளடி வயல்களின் வடிகாலைத் தூர் எடுத்து வாய்க்கால் வரை திறந்துவிடுதல் வேண்டும். இரண்டிலும் யூரியா மேலுரத்தை நீர் வடியும் வரை நிறுத்தி வைக்கவும்.