ஆபீஸ் நெட் பில்: எஸ்டி-வேன் போட்டா நிஜமா மிச்சமாகுமா?

ஆபீஸில் "நெட் ஸ்லோ" என்று சொன்னதும் பெரும்பாலான முதலாளிகள் பெரிய பிளானுக்கு மாறிடுவாங்க. பில் ஏறும், பிரச்சினை அப்படியே இருக்கும். கம்பெனி செலவுதானே என்று விடாதீங்க. நீங்க அக்கவுன்ட்ஸிலோ ஐடியிலோ இருந்தால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டிய ஆள் நீங்கதான்.

எஸ்டி-வேன் என்ன செய்யும்?

கல்லணையை நினைச்சுக்கோங்க. வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியுது. எதில் எவ்வளவு விடணும் என்பது ஷட்டர் கையில். எஸ்டி-வேன் அந்த ஷட்டர் மாதிரி. ஒரு கிளையில் ஃபைபர், 4ஜி என இரண்டு இணைப்பு இருந்தால், எதில் தாமதம், எதில் டேட்டா தொலையுது என்று சாஃப்ட்வேர் தொடர்ந்து அளக்கும். பில்லிங்கை நல்ல பாதையில் விடும், சிசிடிவி பேக்கப்பை மற்றதில் தள்ளும்.

ஆப்டிமைசேஷன்?

அது தூர்வாருவதும் முறை வைப்பதும். ஃபைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது, சுருக்கி அனுப்புவது, அவசர வேலைக்கு முன்னுரிமை தருவது. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் ஷட்டரைத் திறந்தும் கடைமடைக்குத் தண்ணி போகாது. அதனால் இரண்டும் சேரணும். ஆனா சிசிடிவி வீடியோ ஏற்கனவே சுருங்கியது. அதை மேலும் சுருக்கிப் பெரிய மிச்சம் வராது.

கூகுள் 2013-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், இப்படிப்பட்ட லைன்கள் வழக்கமாக 30-40 சதவீதமே பயன்படுவதாகவும், சாஃப்ட்வேர் கட்டுப்பாட்டில் தங்கள் லைன்கள் பலவற்றை ஏறக்குறைய 100 சதவீதம் வரை கொண்டுபோனதாகவும் சொன்னது.

இப்ப கணக்கு

தஞ்சாவூரில் ஒரு அரிசி ஆலை. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பாபநாசம், திருவையாறு, ஒரத்தநாடு என 5 டிப்போ. கீழே உள்ள ரேட் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

- தனி எம்பிஎல்எஸ் லைன்: மாதம் ரூ.12,000 × 5 = ரூ.60,000
- இரண்டு பிராட்பேண்ட் (ரூ.3,000) + எஸ்டி-வேன் சந்தா (ரூ.3,000): ரூ.6,000 × 5 = ரூ.30,000

மிச்சம் ரூ.30,000 என்று நிறுத்திடாதீங்க. 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கு. 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீத வரி; 26 கிலோ சிப்பத்துக்கு வரி இல்லை. இந்த ஆலை 26 கிலோ சிப்பம் மட்டும் விற்றால், நெட் பில்லில் கட்டிய ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட் கிடைக்காது. அதுவும் செலவுதான். அப்போ ரூ.70,800-க்கும் ரூ.35,400-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க: வருஷத்துக்கு ரூ.4,24,800.

ஒரு விஷயம் கவனிங்க. தனி லைனுக்கு "இத்தனை மணி நேரத்தில் சரி செய்வோம்" என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்திலேயே வரும். சாதாரண பிராட்பேண்டில் பொதுவா அது இருக்காது. அந்த ரிஸ்க்குக்குப் பதில்தான் இரண்டாவது லைன்.

ஒரே கம்பத்தில் இரண்டு லைனா?

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தப்போ டெல்டா முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்தன. கரன்ட் இல்லாமல் செல்போன் டவர்களும் நின்றன. இரண்டு கம்பெனி ஃபைபர் வாங்கி, இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் அது பேக்கப் இல்லை. பாதை வேறாக இருக்கணும், யுபிஎஸ் இருக்கணும். இதைக் கேட்காமல் கொட்டேஷனில் கையெழுத்து போடாதீங்க.

உங்க சொந்தப் பணத்துக்கும் இதே விதிதான். சம்பளமும் அந்தக் கம்பெனியில்தான், சேமிப்பு முழுக்க அதே கம்பெனி ஷேரில்தான் என்றால், அதுவும் ஒரே கம்பத்தில் இரண்டு லைன்தான். எமர்ஜென்சி ஃபண்டை வேற கம்பத்தில் கட்டுங்க.

உங்க ஆபீஸ் கணக்கை இதே மாதிரி போட்டுப் பார்த்து, சந்தேகம் இருந்தா கமெண்ட்டில் கேளுங்க.