66 புத்தகமா, 73 புத்தகமா?

கேள்வி: எங்கள் வீட்டு பைபிளில் 66 புத்தகங்கள். கத்தோலிக்கத் தோழி வீட்டில் 73. எது சரி?

பதில்: புதிய ஏற்பாட்டில் சண்டையே இல்லை, இருவருக்கும் 27தான். வித்தியாசம் பழைய ஏற்பாட்டில். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு என ஏழு நூல்கள். இவை பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இருந்தன. யூதர்களின் எபிரேயத் தொகுப்பில் இல்லை. எபிரேயத்தில் இல்லாததற்குச் சம மதிப்பு தரலாமா என்று 4ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபைத் தந்தையரில் ஜெரோம் தயங்கினார், அகுஸ்தீன் ஏற்றார்.

1534இல் வெளிவந்த, சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் ஜெர்மன் பைபிள் அவற்றை நீக்கவில்லை. வேதத்துக்கு நிகரல்ல, ஆனால் வாசிக்க நல்லவை என்று தனியே வைத்தது. 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் அவையும் திருமறையே என்று அறுதியிட்டது.

இதன் அடியில் இருப்பது அதிகாரம் பற்றிய கேள்வி. 66 புத்தகங்களை ஏற்கும் சீர்திருத்தச் சபைகளுக்கு வேதமே இறுதி அளவுகோல்; கத்தோலிக்கருக்கு வேதத்தோடு திருச்சபை மரபும் சேர்ந்தே வழிகாட்டும்.

இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய 1995ஆம் ஆண்டு தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில் இந்நூல்கள் ‘இணைத் திருமுறைகள்’ என்ற பெயரில் உள்ளன. தோழியிடம் வாதாடும் முன் தோபித்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.