ரெண்டு வயசாகியும் பேச்சு வரலையா? முதலில் காதைப் பாருங்க



விக்கிரவாண்டி பக்கம் குழுக் கூட்டத்துக்குப் போனால், சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு சிலர் தயங்கித் தயங்கி எங்களிடம் கேட்பது இது: "மேடம், பிள்ளைக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு. இன்னும் அம்மான்னுகூட கூப்பிடல." நாங்கள் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்துவிடும். "அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், விடு." "நாக்குல வசம்பு தடவு."

தாமதமாகப் பேசி சரியாகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை அப்படி, எந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. காதால் கேட்டுத்தான் பிள்ளை பேசக் கற்றுக்கொள்கிறது. வசம்பு நாக்கோடு நின்றுவிடும்.

"பட்டாசு வெடிச்சா திரும்புறானே!" என்பார்கள். பெரிய சத்தம் கேட்கும், சாதாரணப் பேச்சு சரியாகக் கேட்காமல் இருக்கலாம். முகத்தையும் கையையும் பார்த்தே புரிந்துகொள்ளும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருக்காங்க. அதனால் சோதனை செய்துதான் ஆகணும். 'பெரா' என்ற சோதனையைப் பிள்ளை தூங்கும்போதே செய்வார்கள். தலையில் ஒயர் ஒட்டுவார்கள், வலி கிடையாது.

ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு வார்த்தையும் இல்லை, ரெண்டு வயதில் "அம்மா வா" என்று ரெண்டு வார்த்தை சேர்க்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினால் உடனே போகணும். குறைமாதத்தில் பிறந்தது, பிறந்ததும் அழாதது, மஞ்சள் காமாலை கடுமையாக வந்தது, சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை.

அங்கன்வாடிக்கு ஆர்.பி.எஸ்.கே. திட்ட டாக்டர்கள் வருஷத்துக்கு ரெண்டு முறை வருவாங்க. அன்னைக்குப் பிள்ளையைக் கட்டாயம் காட்டுங்க. அதுவரை பொறுக்காமல், பக்கத்திலேயே முண்டியம்பாக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். காது மூக்கு தொண்டை பிரிவில் சீட்டு போடுங்க.

காதுக்கருவி போதாத பிள்ளைக்கு காக்ளியர் கருவியை அறுவை சிகிச்சை செய்து பொருத்துவார்கள். பல லட்சம் ஆகும் இந்த சிகிச்சை, முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். "பார்ப்போம், பார்ப்போம்" என்று தள்ளினால் இந்த வயதுதான் கை நழுவிப் போகும். கருவி வைத்த பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்கும் போகணும், இல்லாவிட்டால் பலன் இருக்காது.

காது நல்லா இருக்குன்னு சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீங்க. முகம் பார்க்காமல், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் இருந்தால் ஆட்டிசமா என்று டாக்டரிடமே கேளுங்க. செல்போனை எடுத்து வைத்துவிட்டு, கீரை ஆயும்போதும் மாடு கட்டும்போதும் பிள்ளையிடம் பேசுங்க.

பழி எல்லாம் தாய் மேல்தான் விழுது. கூலியை விட்டுவிட்டுத் தனியாக அலைவதும் அவள்தான். அடுத்த கூட்டத்தில் ஊக்குநர், மூணு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் யார் வீட்டில் இருக்காங்கன்னு கேட்டு எழுதணும். பஸ் செலவுக்கு உள்கடன் கொடுங்க, கூடப் போக ஒருத்தரையும் அனுப்புங்க.